அகஸ்ரீனா ரீச்சர் மொண்டெல்லோவுக்குப் போகக் கூடாது

இயேசு மரி சூசை துணை

பலேர்மோ,
மாசி மாதம், 1996.

மிகுந்த அன்புக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான மரியாதைக்கும் உரிய றோசமலர் சின்னம்மாவுக்கு, உங்கள் பெறாமகள் மொனிகா எழுதிக்கொள்வது.

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம் என்று முதலில் எழுதச் சொல்லி அம்மா சொன்னார், எழுதிவிட்டேன். உங்கள் சுகத்துக்காக மடு மாதாவிடம் தினமும் செபமாலை சொல்கிறோம். தினமும் என்றால், அப்பா உணவகத்தில் இருந்து நேரத்துக்கு வருகிற நாட்களில். இந்தக் கடிதத்தைக் கொழும்புக்குப் போகிற பெனடிக்ற் மாமாவின் கையில் கொடுத்து அங்கே தபாலில் போடச் சொல்கிறேன். மன்னாருக்கு வருகிற வழியில் யாராவது பிரித்துப் பார்த்தால் அவருக்கும் என் வணக்கம். இதில் பள்ளிக்கூடச் செய்திகளைத் தவிர வேறொன்றும் இல்லை. வாசித்து முடிந்ததும் தயவுசெய்து திருப்பி ஒட்டி அனுப்பிவிடவும், ஏனென்றால் இது அவசரம்.

அவசரம் என்னவென்றால், சின்னம்மா, ஆசிரிய கலாசாலையில் உங்களோடு ஒரே அறையில் இருந்த அகஸ்ரீனா ரீச்சர் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மொண்டெல்லோவில், கடற்கரைப் பக்கம், ஒரு சிஞ்ஞோறா வீட்டில், அதாவது இத்தாலிய எசமானி வீட்டில், தங்கி வேலை செய்யப் போகிறாராம். இங்கே வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழக்கிழமை பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் ஓய்வு. ஞாயிறு பூசைக்குப் போய்விடும், ஆகவே பள்ளிக்கூடம் வியாழக்கிழமை பின்னேரம் கோயில் மண்டபத்தில் நடக்கிறது. ஆனால் அந்தச் சிஞ்ஞோறாவின் சிநேகிதிகள் வியாழக்கிழமைகளில்தான் சீட்டாட வருவார்களாம், அதனால் ரீச்சருக்கு லீவு திங்கட்கிழமையாம். திங்கட்கிழமை மொண்டெல்லோவில் ரீச்சர் யாருக்குப் படிப்பிப்பார், மீன்களுக்கா? உயிர்த்த ஞாயிறுக்கு முன்னர் பதில் சொல்ல வேண்டும். ரீச்சர் போனால் எங்கள் மேல் வகுப்பை மூடி, எங்களைக் கொன்ஸ்ரன்ரைன் சேரின் சின்ன வகுப்போடு சேர்த்துவிடுவார்கள். எனக்குப் பதின்மூன்று வயது. நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் கதாநாயகி இப்போது புயலில் அகப்பட்ட கப்பலில் நிற்கிறாள். பலேர்மோவில் அதை வாசித்துப் பிழை திருத்தக்கூடிய ஒரே ஆள் அகஸ்ரீனா ரீச்சர்தான். நான் அணிலுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தால் அவளை யார் கரையேற்றுவது?

ரீச்சர் ஏன் போகிறார் என்று எல்லோரும் ஒவ்வொரு காரணம் சொல்கிறார்கள். முழங்கால் வருத்தம் என்கிறார்கள், சிஞ்ஞோறா நல்லவள் என்கிறார்கள், கடற்காற்று நல்லது என்கிறார்கள். உண்மையான காரணம் எனக்கு மட்டும் தெரியும். அதை நான் ஆராய்ந்து கண்டுபிடித்தேன். எப்படியென்றால், என் இத்தாலியப் பள்ளியில் கணக்குப் படிப்பித்த ஆசிரியை ஒரு நாள் வராமல் நின்றவர் பிறகு வரவே இல்லை. 'எசாவுரிமெந்தோ' என்றார்கள். அதாவது கிணறு வற்றுவதுபோல மனிதர் வற்றிப்போவது. எங்கள் வகுப்பு நடுங்கிப்போனது, ஏனென்றால் அலெக்சாந்த்ர் என்கிற மொரீசியஸ் பொடியன் பல்லரோ சந்தையில் வாங்கிய மீன்தலை ஒன்றை அவருடைய மேசை லாச்சிக்குள் வைத்திருந்தான். நான் போய் இத்தாலிய மொழி படிப்பிக்கிற கியாரா ஆசிரியையிடம், "இது எங்களாலா? மீன்தலையாலா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பிறகு சிரிக்காமல், "பிள்ளைகள் தருகிற களைப்பு ஒரு நித்திரையில் போய்விடும், மொனிகா. ஆசிரியர் அறையில் கிடைக்கிற களைப்புத்தான் நித்திரையிலும் கூட வரும்," என்றார். நான் அன்றைக்கே நூலகத்துக்குப் போய் ஒரு சஞ்சிகையில் அதைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அதிலும் இதேதான் இருந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் முகம் பார்த்து ஒரு வார்த்தை கேட்டால் ஆசிரியர் தாக்குப் பிடிப்பார். முகம் திருப்பினால் உள்ளுக்குள்ளேயே எரிந்து சாம்பலாகிவிடுவார் என்று. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல், "எங்கட சிஞ்ஞோறாவுக்கும் உந்த வருத்தம்தான். நாலு மாடி ஏறி உடுப்புக் காயப்போடுறது நான், எசாவுரிமெந்தோ அவவுக்கு," என்றார். அம்மாவுக்கு ஆராய்ச்சியில் நாட்டம் குறைவு.

இப்போது எங்கள் ஆசிரியர் அறைக்கு வருகிறேன். எங்களுக்கு ஆசிரியர் அறை இல்லை. மண்டபத்தில் நடுவே ஒரு திரை, திரைக்கு இந்தப் பக்கம் அகஸ்ரீனா ரீச்சர், அந்தப் பக்கம் கொன்ஸ்ரன்ரைன் சேர், வாசலடியில் ஒரு மேசையில் அதிபர் இராயப்பு சேர். அந்த மேசையில்தான் ரீச்சரின் பெரிய சுடுதண்ணிப் போத்தல் இருக்கும். அதில் இஞ்சி போட்ட தேத்தண்ணி. இடைவேளையில் மூன்று பேரும் குடித்துக்கொண்டு தங்கள் தங்கள் சிஞ்ஞோறாமாரைப் பற்றிக் கதைத்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை எங்களுக்கும் விளையாட்டு. எல்லாம் மார்கழி மாதம் நத்தார் ஒளிவிழா வரைக்கும்தான். ஒளிவிழாவில் பாலன் பிறப்பு நாடகத்தை எழுதிப் பழக்கி, இடையர்களுக்கு மேசைவிரிப்பில் உடுப்புத் தைத்து, மூன்று இராசாக்களில் ஒருவன் மேடைப் பயத்தில் அழுதபோது தானே தாடி ஒட்டிக்கொண்டு மூன்றாவது இராசாவாக வந்தவர் அகஸ்ரீனா ரீச்சர். நன்றியுரை சொன்னவர் கொன்ஸ்ரன்ரைன் சேர். சின்னம்மா, நன்றியுரை என்றால் உங்களுக்குத் தெரியும், ஊரில் அதனால் பிரிந்த குடும்பங்கள் உண்டு. சேர் பங்குத்தந்தைக்கு நன்றி சொன்னார், ஒலிவாங்கி தந்த அலானுக்கு நன்றி சொன்னார், பல்லரோவில் பிளாஸ்ரிக் கோப்பை மலிவாகத் தந்த கடைக்காரருக்கு நன்றி சொன்னார். அந்தக் கடைக்காரர் வரவுமில்லை, அவருக்குத் தமிழும் தெரியாது. மழை பெய்யாமல் இருந்ததற்கு வானத்துக்கும் நன்றி சொன்னார். பிறகு எல்லோரும் கைதட்டினார்கள், சேர் இறங்கிவிட்டார். ரீச்சர் தாடியோடேயே நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வியாழக்கிழமை ரீச்சர் சின்னப் போத்தலோடு வந்தார். ஒரு கோப்பைதான் கொள்ளும். அதைப் பார்த்த கொன்ஸ்ரன்ரைன் சேர் அதற்கடுத்த வியாழன் தானும் ஒரு போத்தல் கொண்டுவந்தார். பால்தேத்தண்ணி, ரீச்சருக்குப் பால்தேத்தண்ணி மணமே பிடிக்காது. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் நேரே கதைப்பதில்லை. தூது நான். திரைக்கு இங்கால் நின்று ரீச்சர், "மொனிகா, சேரிட்டைச் சொல்லு, வெண்கட்டிப் பெட்டி பொதுப்பெட்டி எண்டு," என்பார். நான் நாலு அடி நடப்பதற்குள் அங்கால் இருந்து சேர், "மொனிகா, ரீச்சரிட்டைச் சொல்லு, எனக்குக் காது நல்லாக் கேக்கும் எண்டு," என்பார். நான் திரை நடுவில் நிற்பேன். இதில் எதை எங்கே கொண்டுபோவது? ரீச்சர் எங்களைச் செய்யுள் சத்தமாகப் படிக்கச் சொன்னால் சேர் சின்னவர்களை அதைவிடச் சத்தமாகப் பாட விடுவார். ரீச்சர் இன்னும் சத்தமாக என்பார், சேர் மேசையில் தாளம் போடுவார். பங்குத்தந்தை ஒருமுறை ஓடிவந்து யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

இராயப்பு சேர் நல்லவர். யாழ்ப்பாணத்தில் கல்விக் கந்தோரில் இருந்தவர், இங்கே ஒரு மாடிக் கட்டடத்துக்கு வாயிற்காவலர். காவல் கூண்டுக்குள் இருந்துகொண்டு கட்டட அறிவித்தல்களின் பின்பக்கத்தில் எங்களுக்குச் சுற்றுநிருபம் எழுதுவார். ஒரு பக்கத்தில் 'ஆசிரியர்கள் ஒற்றுமையாய் இருத்தல் வேண்டும்', மறுபக்கத்தில் 'லிஃப்ற் வேலை செய்யாது'. ரீச்சரின் மனம் ஆறட்டும் என்று அவர் தைப்பொங்கலுக்கு முன் ரீச்சரை உப அதிபராக நியமித்தார். கொன்ஸ்ரன்ரைன் சேருக்கு அன்றைக்கே தலையிடி. அடுத்த வியாழன் சேரின் மனம் ஆறட்டும் என்று அவரைப் பிரதி அதிபராக நியமித்தார். உபவா பெரிது, பிரதியா பெரிது என்று இரண்டு பேரும் என்னை அனுப்பிக் கேட்டார்கள். இராயப்பு சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ரெண்டும் பெரிசு எண்டு சொல்லு," என்றார். அதை நான் இரண்டு பக்கமும் சொன்னேன். இரண்டு பக்கமும் நம்பவில்லை. மூன்று ஆசிரியர் உள்ள பள்ளிக்கூடத்தில் இப்போது ஓர் அதிபர், ஒரு பிரதி அதிபர், ஓர் உப அதிபர் இருக்கிறார்கள், வெறும் ஆசிரியர் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இதற்கிடையில் ரீச்சர் வற்றத் தொடங்கினார். நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். முன்பெல்லாம் என் கட்டுரை திரும்பி வந்தால் சிவப்பு மையில் தோய்த்தெடுத்ததுபோல இருக்கும், எனக்கு அது பெருமை. தை மாதம் முழுக்க எல்லாக் கட்டுரையிலும் 'நன்று', கீழே ஒரு கையெழுத்து. எனக்குச் சந்தேகம் வந்து ஒரு பரிசோதனை செய்தேன். கிறிஸ்து பிறப்பு என்ற கட்டுரையில், பாலன் இயேசு இங்கே சியாகுல்லியில் ஒரு மந்தரீனித் தோடம்பழத் தோட்டத்தில் பிறந்தார் என்றும், அவரைப் பார்க்க வந்த இடையர்களிடம் தோட்டக்காரர் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதிப் பத்திரம், இருக்கிறதா என்று கேட்டார் என்றும், சூசையப்பர் விசா அலுவலாகக் காவல் கந்தோர் வரிசையில் நின்றதால் பிறப்பைக் காணவில்லை என்றும் எழுதிக் கொடுத்தேன். நன்று. கையெழுத்து. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அம்மா எனக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தார்.

போன ஞாயிறு பூசை முடிந்து ரீச்சர் பல்லரோவுக்கு மீன் வாங்கப் போனார், நான் பை தூக்குகிறேன் என்று கூடவே போனேன். சந்தையில் மீன்காரர்கள் தொண்டை கிழியக் கத்துகிற இடத்தில் ரீச்சர் கூறு கூறாய்ப் பார்த்துக்கொண்டு போகிறார், ஒன்றையும் வாங்கவில்லை. நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன்.

"ரீச்சர், நீங்கள் முழங்காலாலயோ போறியள், கொன்ஸ்ரன்ரைன் சேராலயோ?"

"உனக்கென்னத்துக்கடி உந்தக் கதை? மீனைப் பார், கண் சிவந்திருக்கோ எண்டு."

"சிவந்திருக்கு. சொல்லுங்கோ ரீச்சர்."

ரீச்சர் மீனை விட்டுவிட்டு நின்றார். "பிள்ளை, காலமை ஒரு வீட்டுத் தரை, மத்தியானம் இன்னொரு வீட்டுத் தரை, பின்னேரம் ஒரு கிழவிக்குத் தலை வாரிச் சோறு தீத்தி விடுறன். அதெல்லாம் எனக்குக் களைப்பே இல்லை. அங்கை நான் வேலைக்காரி, ஆரும் நன்றி சொல்லுவினம் எண்டு நான் பாக்கிறதுமில்லை. வியாழக்கிழமை ஒண்டிலதான் நான் ரீச்சர். அந்த மண்டபத்துக்குள்ள வந்தா ஒரு மனிசர் முகத்தைப் பாத்து 'வாங்கோ ரீச்சர்' எண்டு சொல்லுறேல்லை. அதுக்குப் பிறகு நான் என்னத்துக்கு வாறன்? சீட்டாடுற மனிசியளுக்குக் கோப்பி ஊத்தினா அதுகளாவது 'கிராத்சியே' எண்டு சொல்லும்."

"சேருக்கும் உங்களோடை கதைக்க விருப்பம் ரீச்சர். எனக்குத் தெரியும்."

"அப்ப வாய் என்ன, லிஃப்ற் மாதிரி வேலை செய்யேல்லையோ?"

அதைச் சொல்லிவிட்டு ரீச்சர் சிரித்தார். பிறகு மீன் வாங்காமலேயே பஸ் ஏறிவிட்டார். நான் வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன். சின்னம்மா, அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இத்தாலியப் பள்ளியில் வரலாற்றுப் பாடத்தில் யன்னலைப் பார்க்கிறேன். வீட்டில் எழும்பி இருக்கிறேன், இருந்து எழும்புகிறேன். அப்பா, "இவளுக்கென்ன, கதிரையில ஆணியோ?" என்கிறார். ரீச்சருடைய முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல இங்கே ஒருவருமில்லை, நான் சொன்னால் பிள்ளை சொல்வது கணக்கில் வராது. ஆகவே நீங்கள் எழுத வேண்டும். கலாசாலையில் உங்கள் இருவருக்கும் பிடிக்காத விரிவுரையாளர் இருந்திருப்பார், அவரைத் தாண்டி எப்படிப் படித்து முடித்தீர்கள் என்று எழுதுங்கள். நீ நல்ல ரீச்சர் என்று எழுதுங்கள். மொண்டெல்லோவில் கோடை முடிந்தால் ஈ காகம் இராது, காற்று மட்டும்தான் என்று எழுதுங்கள். இதை நான் சொல்லித்தான் எழுதுகிறீர்கள் என்று மட்டும் எழுத வேண்டாம். உயிர்த்த ஞாயிறுக்கு முன் வந்து சேர வேண்டும். கடதாசி இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதலாம், அதற்காகத்தான் ஒரு பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

அம்மா தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னார், அப்பா தன் மரியாதையைத் தெரிவிக்கச் சொன்னார், நான் இரண்டையும் தெரிவித்துவிட்டு உங்கள் ஆசீர்வாதத்தைக் கேட்டு நிற்கிறேன். மடு மாதா உங்களையும், உங்கள் பள்ளியையும், உங்கள் பள்ளியில் உங்களுக்குப் பக்கத்து வகுப்பில் படிப்பிக்கிறவரையும் காப்பாற்றுவாராக.

இப்படிக்கு,
அன்புள்ள பெறாமகள்
அ. மொனிகா

பின்குறிப்பு: சின்னம்மா, மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். பெனடிக்ற் மாமாவின் பயணம் ஒரு கிழமை தள்ளிப்போனது, அதற்குள் இந்த வியாழக்கிழமை வந்துவிட்டது. நான் சஞ்சிகைக் கட்டுரையில் வாசித்ததை இராயப்பு சேருக்கும் சொல்லி வைத்தேன், அவர் அதிபர், அறிந்திருப்பது நல்லதுதானே என்று. அவர் உடனே ஒற்றுமைக் கூட்டம் கூட்டினார். எங்கள் எல்லோரையும் திரைக்குப் பின்னால் இருத்திவிட்டு, "நான் ஆழமா யோசிச்சனான், பிழை ரெண்டு பக்கமும் அரைக்கு அரை," என்றார்.

"அரையோ? என்ரை பக்கம் அரையோ?" என்றார் கொன்ஸ்ரன்ரைன் சேர்.

"கேட்டியளோ சேர், எனக்கும் அரையாம்," என்றார் அகஸ்ரீனா ரீச்சர். மார்கழிக்குப் பிறகு சேரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை.

"உங்களுக்கு எப்பிடி ரீச்சர் அரை வரும்?"

"உங்களுக்குத்தான் எப்பிடி வரும்?"

இரண்டு பேரும் பைகளை எடுத்துக்கொண்டு ஒரே வாசலால் வெளியே போய்விட்டார்கள். கூட்டிக்கொண்டு வா என்று இராயப்பு சேர் என்னை அனுப்பினார். பஸ் தரிப்பில் நின்றார்கள். பலேர்மோ பஸ் அல்லவா, வரவில்லை. அது வராமல் வராமல் நிற்க, அவர்களுக்குக் கதைப்பதைத் தவிர வேறு வழியில்லை. "ரீச்சரின்ரை பேரை எல்லாருக்கும் மேலாக் கடைசியாச் சொல்லுவம் எண்டு வைச்சிருந்தனான், அதுக்குள்ள சனம் கைதட்டிப்போட்டுது. எனக்கு வெக்கமாப் போச்சு," என்றார் சேர். "அதை அடுத்த கிழமையே சொல்லியிருக்கலாமே?" என்றார் ரீச்சர். "நீங்கள் சின்னப் போத்தலோடை வந்தியள்," என்றார் சேர். பிறகு இரண்டு பேரும் இராயப்பு சேரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். சின்னம்மா, ரீச்சரின் முகத்தில் ஒளிவிழாவுக்குப் பிறகு அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. நான் படித்த கட்டுரை சரிதான், சக ஆசிரியர் முகம் பார்த்துக் கதைத்தால் போதும், ஆசிரியர் பிழைத்துவிடுவார். ஆனால் கதைத்த பிறகு என்ன செய்வார்கள் என்று அதில் எழுதியிருக்கவில்லை. பஸ் வருவதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து, பல்லரோவுக்குக் கிட்ட உள்ள வேறொரு கோயில் மண்டபத்தில், அதிபர் இல்லாத புதுத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்று தொடங்குவதாகத் தீர்மானித்துவிட்டார்கள். அதுவும் வியாழக்கிழமை பின்னேரம்தான். மொண்டெல்லோச் சிஞ்ஞோறாவுக்கு ரீச்சர் இல்லையென்று சொல்லிவிட்டார். "நீயும் வாடி," என்று என் கன்னத்தில் தட்டிவிட்டு ஏறினார்.

நான் போக முடியாது. எங்களுக்கு இந்த வீட்டை எடுத்துத் தந்தவர் இராயப்பு சேர், "அந்த மனிசனைத் தனிய விட்டிட்டு நாங்கள் போறதோ?" என்று அப்பா சொல்லிவிட்டார். ஆகவே ரீச்சர் மொண்டெல்லோவுக்குப் போகவில்லை, நாலு தெரு தள்ளித்தான் போயிருக்கிறார். எனக்கு அது மொண்டெல்லோவைவிடத் தூரம்.

நான் தனியே மண்டபத்துக்குத் திரும்பி வந்து சொன்னபோது இராயப்பு சேர் வெண்கட்டிப் பெட்டியை எடுத்து என் கையில் தந்தார். பிறகு, "அப்ப சின்னவையை நீர் எடும், மொனிகா ரீச்சர்," என்றார். எடுத்தேன். ஒருவன் அழுதான், ஒருத்தி என் சட்டையில் நிறம் தீட்டினாள், அதெல்லாம் எனக்குக் களைப்பே இல்லை. ஆனால் நான் கரும்பலகையில் அருமையாக ஒரு யானை கீறி முடித்த நேரம் இராயப்பு சேர் வந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், "இது என்ன, எருமையோ?" என்று கேட்டுவிட்டுத் தானே அழித்துக் கீறினார். நான் அவரோடு கதைப்பதில்லை.

ஆகவே ரீச்சருக்கு எழுத வேண்டாம், எனக்கு எழுதுங்கள். முதல் நாளே அதிபரின் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் போனால் அடுத்த வியாழக்கிழமை நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒரு பிள்ளைக்கு எழுதுவதுபோல எழுத வேண்டாம் சின்னம்மா, ஒரு ரீச்சர் இன்னொரு ரீச்சருக்கு எழுதுவதுபோல எழுதுங்கள்.